சட்டையில் வந்த பச்சைத் தொப்பிக்காரி

என் மகள் வயிற்றுப் பேத்தி ஆஷ்லின் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு ஏற்காடு வந்தால் முதல் நாளே ஏரிப்பக்கம் போய், எதையாவது வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவாள். போன மே மாதம் அவள் வாங்கி வந்தது ஒரு சட்டை. அந்தச் சட்டையால் எனக்கு நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

"அம்மாயி, இதைப் பாருங்க. பழைய அமெரிக்க நாவலோட அட்டை மாதிரியே இருக்குது. பெங்களூர்ல இந்த மாதிரிக்கு அடிச்சுக்கறாங்க, தெரியுமா?" என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

சாம்பல் நிறக் காட்டன் சட்டை. முதுகு முழுக்கத் துண்டுத் துணிகளை வெட்டி வைத்துத் தைத்த படம். செம்பட்டை முடிக்காரி ஒருத்தி, பச்சைத் தொப்பி, தொப்பியில் ஒற்றை இறகு. பக்கத்தில் மஞ்சள் கார். பின்னால் ஒரு காற்றாலை, அதற்குப் பின்னால் ஆரஞ்சு வானம்.

எனக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும். எங்கள் மாதா கோயில் வாசகசாலையில், இரண்டு பூட்டுப் போட்ட பீரோவுக்குள், பிரவுன் உறைக்கு அடியில் இருப்பவள். அவள் எப்படி வெளியே வந்தாள்?

விஷயம் இதுதான். அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் மிஷன் பள்ளியில் பாடம் நடத்திய மிஸ்ஸம்மா ஒருவர், ஊர் திரும்பும்போது தன் அறுபத்திரண்டு நாவல்களை வாசகசாலைக்கு விட்டுப் போனார். அப்போது நான் அங்கே தையல் டீச்சர். வயது இருபத்துநாலு. 'ஒரு தாள் குறையாமல் பார்த்துக்கொள் மரியசெல்வி' என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நானும் சரியென்று தலையாட்டினேன். தலையாட்டிய கையோடு அறுபத்திரண்டுக்கும் பிரவுன் பேப்பரில் உறை போட்டு, மைதாப் பசையால் ஒட்டிவிட்டேன். புத்தகம் என்றால் பிரவுன் உறை போட வேண்டும், அப்படித்தானே நாம் வளர்ந்தோம்? படங்களை எல்லாம் மூடிவிட்டாயே என்று மிஸ்ஸம்மா சிரித்தது இன்றும் நினைவிருக்கிறது.

பீரோவுக்கு இரண்டு திண்டுக்கல் பூட்டு. ஒரு சாவி என்னிடம். மற்றொன்று வாசகசாலைச் செயலாளர் அருள்சாமியிடம். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் சேர்ந்து போனால்தான் பீரோ திறக்கும். படிக்க வருகிறவர்களும் உறையோடு படித்து உறையோடு வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆக, அந்தப் படங்களைப் பார்த்த ஆள் ஊரில் யாரும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் ஓடு விலகித் தண்ணீர் இறங்கியபோது நானும் அருள்சாமியும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காப்பிக் களத்தில் காயவைத்துப் புது உறை போட்டோம். அன்று பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"கழட்டு சாமி, ஒரு நிமிசம் பாத்துட்டுத் தாரேன்" என்றேன் ஆஷ்லினிடம்.

"எதுக்கு? அளவெடுத்து நீங்களும் ஒண்ணு தைக்கப் போறீங்களா?"

சட்டையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். விளிம்புத் தையல் முடிகிற இடத்தில் நூலை அறுக்காமல் மூன்று தடவை பின்னால் ஓட்டி, சிவப்பு நூலில் ஒரு முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இது கௌரியின் கை.

கௌரி பக்கத்து வெள்ளக்கடை கிராமத்துக்காரி. காடும் கொஞ்சம் காப்பியும் உள்ள குடும்பம். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் தை மாதம் திரும்பி வந்தாள். வாசகசாலை வராந்தாவில் தையல் மிஷின் போட்டுக்கொள்ள இடம் கேட்டபோது அருள்சாமி முடியாது என்றார். 'நான் பொறுப்பு' என்று சொல்லி வாங்கிக் கொடுத்தது நான். தினமும் பதினொரு மணிக்கு என் சமையலறைக்குள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போவாள். என் பீரோ சாவி தொங்குவதும் அதே சமையலறையில்தான், அஞ்சறைப் பெட்டிக்கு மேலே, ஆணியில்.

எழுந்து போய்ப் பார்த்தேன். சாவி அந்த ஆணியில் இல்லை. ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கியது.

மறுநாள் காலையில் வாசகசாலைக்குப் போனேன். மூடுபனி இன்னும் விலகவில்லை. சேலத்திலிருந்து வந்த முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. கௌரி ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மிஷினுக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளினாள். எப்போதும் அது அங்கேதான் இருக்கும். ஆனால் அன்றைக்குத்தான் அதில் பூட்டுத் தொங்குவதைப் பார்த்தேன்.

"வாங்க டீச்சரம்மா. காலங்காத்தால?"

"சும்மாதான் கண்ணு. ஏரிக்கரைக் கடையில ஒரு சட்டை பாத்தேன். முதுகுல வெள்ளைக்காரி படம். உன் கைவேலை மாதிரி இருந்துச்சு."

ஊசி நின்றது.

"ஆமாங்க. கொஞ்சம் தெச்சுக் குடுக்கறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே."

"என்னத்தப் பெருசா சொல்றதுங்க? கட் பீஸ் நொம்ப சேந்துபோச்சு. வீணாக்காம தெச்சேன்."

"துணி சரி. படம் எங்க புடிச்ச?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, "எங்கயோ பாத்ததுங்க. தொழிலுக்குன்னு ஒரு ரகசியம் இருக்கும்ல? போன தடவை நான் வெச்ச பிரில்லு கையைப் பாத்துட்டு, கீழ்க்கடை டெய்லரு மறுநாளே அதே மாதிரி தொங்கவிட்டான். அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கறதில்லைங்க" என்றாள்.

"எங்கிட்டக்கூடவா?"

"நீங்க டெய்லரா? அப்பறம் ஏனுங்க கேக்கறீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கால் அந்தத் தகரப் பெட்டியின் மேலேயே இருந்தது. அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவள் காப்பிக்கு வந்தபோது நான் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். டம்ளரை நீட்டும்போது அவள் கண் ஆணிப் பக்கம் போனதா என்று பார்த்தேன். போனது. போனது மாதிரித்தான் இருந்தது. சந்தேகம் வந்த பிறகு எல்லாம் அப்படித்தானே தெரியும்?

இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். பீரோவைத் திறந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் திறக்க அருள்சாமி வேண்டும். அருள்சாமி என்றால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் கௌரியின் மிஷின் தெருவுக்கு வந்துவிடும். சொல்லாவிட்டால்? மிஸ்ஸம்மாவின் அட்டைகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சட்டைக்கு அச்சு எடுத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. அறுபத்திரண்டும் போய்விட்டால் மிஸ்ஸம்மாவுக்கு நான் கொடுத்த வார்த்தைக்கு என்ன மதிப்பு?

சனிக்கிழமை அருள்சாமி வீட்டுக்கு இருபத்தேழு படி ஏறிப் போனேன். அவர் மிளகைக் காயப்போட்டுவிட்டுக் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்.

"நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா டீச்சர்? வராந்தாவுல ஆளை ஏத்தாதீங்கன்னு. நீங்கதான் 'நான் பொறுப்பு, நான் பொறுப்பு'ன்னீங்க."

"இன்னும் ஒண்ணும் நிச்சயமில்லீங்க ரைட்டரே. அவகிட்ட என் சாவிதான் கிடைச்சிருக்கும். உங்க சாவி?"

"என் சாவி என் அரைஞாண் கயித்துல இருக்குது. குளிக்கறப்பவும் கழட்டறதில்ல." தட்டிக் காட்டினார். பிறகு குரலைத் தணித்து, "திருப்பூர்ல பத்து வருசம் இருந்தவளுக்குப் பூட்டு ஒரு பெரிய விசயமுங்களா? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் தொறக்கலாம். ஒரு அட்டை கொறஞ்சிருந்தாலும் சரி, பொழுது சாயறதுக்குள்ள மிஷினைத் தூக்கி ரோட்டுல வெச்சிருவேன். நீங்க குறுக்க வரக் கூடாது" என்றார்.

"வரலைங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு இருபத்தேழு படியும் இறங்குவதற்குள் இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன்.

ஞாயிறு பூசையில் நான் என்ன கேட்டேன் என்று என்னைக் கேட்காதீர்கள். முடிந்ததும் இரண்டு பேரும் வாசகசாலைக்குப் போனோம். சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஷ்லினும் வந்தாள். அவளிடம் நான் முழு விவரம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கௌரி வராந்தாவில் இருந்தாள். சீசன் நேரம், தையல் குவிந்து கிடந்தது. அருள்சாமி அவளைத் தாண்டிப் போகும்போது கனைத்த கனைப்பில் அவள் கால் மிஷின் மிதியில் அப்படியே நின்றுவிட்டது.

பீரோ திறந்தது. ஓதமும் நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை. ஒவ்வொரு புத்தகமாக எடுத்து எண்ணினார். அறுபத்திரண்டு. ஒவ்வொன்றின் உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் ஒட்டிய மைதாப் பசை ஒட்டியபடியே இருந்தது. எங்கும் பிரித்த தடம் இல்லை.

"இருபத்தாறாம் நம்பரைப் பிரிங்க" என்றேன். எனக்குத்தான் தெரியுமே, அவள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறாள் என்று.

அருள்சாமி பேனாக் கத்தியால் உறையைக் கீறினார். உள்ளே பச்சைத் தொப்பிக்காரி பத்திரமாக நின்றாள். வெட்டவில்லை, கிழிக்கவில்லை. கொஞ்சம் வெளுத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்தது. மாதாவே என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அருள்சாமிக்கு மூச்சு வரவில்லை.

"பூட்டு உடையல. பசை பிரியல. அப்பறம் அந்தப் புள்ளை இந்தப் படத்தை எங்கே பாத்துச்சு?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டார். "இதைப் பாத்தது நானும் நீங்களும். நான் யாருக்கும் சொல்லல. எனக்கு ஒரு கோடு இழுக்கக்கூடத் தெரியாது. நீங்க தையல் டீச்சரு. களத்துல காயவெச்சன்னிக்கு ஒவ்வொரு படத்தையும் அரைமணி நேரம் பாத்துட்டு நின்னீங்க. படம் வரைஞ்சு குடுத்தது நீங்கதானுங்களா?"

"என்னையா கேக்கறீங்க?"

"வேற யாரைக் கேக்கோணும்? 'நான் பொறுப்பு'ன்னது ஏன்னு இப்பத்தான் தெரியுது. பங்கு ஏதாச்சும் உண்டுங்களா?"

ஆஷ்லின் முன்னால் வந்தாள். "தாத்தா, கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க. அம்மாயி, அந்தச் சாவி இடம் மாறினதைப் பத்தியும் நினைச்சுட்டு இருக்கீங்களா? நான்தான் மாத்தினேன். அந்த ஆணியில என் சார்ஜர் வயரை மாட்டினேன்."

இதை மூன்று நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா? நானும் கேட்டிருக்கக் கூடாதா?

"அந்தச் சட்டையைக் குடு" என்று வாங்கி மேஜையில் விரித்தேன். பக்கத்தில் புத்தகத்தை வைத்தேன். ஒரு கோடு விடாமல் அதேதான். ஆனால் ஏதோ இடித்தது. பார்த்தேன், மறுபடி பார்த்தேன். புத்தகத்தில் மஞ்சள் கார் அவளுக்கு இடது பக்கம். சட்டையில் வலது பக்கம். புத்தகத்தில் இறகு ஜன்னலைப் பார்க்கிறது. சட்டையில் கதவைப் பார்க்கிறது.

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் கை வெட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். வலது கைக்கு வெட்டிய பேப்பரைப் புரட்டிப் போட்டால் இடது கை. அப்படியென்றால் கௌரி பார்த்தது அட்டையை இல்லை. அட்டையின் மேல் ஒட்டிக்கிடந்து, அதன் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு, பிறகு பிரிந்து போன எதையோ பார்த்திருக்கிறாள்.

அட்டை ஏன் வெளுத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"கௌரி!" என்று கூப்பிட்டேன். கதவுக்கு அந்தப்பக்கமே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் பெட்டியைக் கொண்டா கண்ணு."

"எதுக்குங்க?" கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கறாராக இருந்தது. "நான் உங்க பீரோவைத் தொட்டதில்லைங்க. எங்க மாதேஸ்வரன் மேல சத்தியமா."

"தெரியும். கொண்டா."

கொண்டுவந்தாள். திறந்தாள். உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிரவுன் பேப்பர்கள். ஓரத்தில் என் கையெழுத்தில் நம்பர். மழையில் நனைந்த பழைய உறைகள். புது உறை போட்ட பிறகு கட்டாகக் கட்டி வைத்திருந்ததை, கௌரி வராந்தாவுக்கு வந்த முதல் வாரம், 'ஜாக்கெட் வெட்டப் பேப்பராகும், வெச்சுக்கோ' என்று கொடுத்தவள் நானேதான். கொடுத்ததும் மறந்துபோனேன். உறையின் உள்பக்கத்தை யார் பார்ப்பார்கள்? நாற்பது வருட ஓதமும் ஒரு நாள் மழையும் சேர்ந்து, அறுபத்திரண்டு அட்டையின் சாயத்தையும் உறைகளுக்கு உள்பக்கம் இறக்கியிருந்தன. மங்கலாக, திரும்பியபடி. ஒன்றில் நீராவிப் படகு. ஒன்றில் பாலத்தடியில் குடை. இருபத்தாறில் பச்சைத் தொப்பி.

அருள்சாமி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க குடுத்ததுமே ராத்திரி ஊட்டுல பிரிச்சுப் பாத்தனுங்க" என்றாள் கௌரி. "வெட்டறதுக்கு மனசு வரல. படம் படமா இருக்குது. தெச்சுப் பாத்தேன். கடைக்காரம்மா இன்னும் கேட்டாங்க."

"கேட்டனே அன்னைக்கு, எங்க புடிச்சன்னு. நீங்க குடுத்ததுதான்னு சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"சொன்னா திருப்பிக் கேப்பீங்கன்னு பயமுங்க. தெரியாமக் குடுத்துட்டீங்க, படம் இருக்கறது தெரிஞ்சா வாங்கிப் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிருவீங்க. அதான் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன்."

அப்படியானால் இத்தனை நாளும் இவளும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் என் காப்பியைக் குடித்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"ரைட்டரய்யாகிட்ட முதல்ல போய்ச் சொன்னது யாருங்க?" என்று கேட்டாள்.

அருள்சாமி கண்ணாடியைத் துடைத்தார். ஆஷ்லின் தரையைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன்.

"சரிங்க" என்றாள். பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டாள். மிஷின் ஓடுகிற சத்தம் மறுபடி கேட்டது.

மிஷின் அங்கேயே இருக்கிறது. அடுத்த வாசகசாலைக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று, உறைகளைக் கொடுத்தது நான், சந்தேகப்பட்டதும் நான் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அருள்சாமிகூட, 'இனி வராந்தாவைப் பத்தி யாரும் பேச வேண்டாம்' என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அவர் மகள் கௌரி தைத்த நீராவிப் படகுச் சட்டை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்ததையும் பார்த்தேன். ஆனால் பதினொரு மணிக்கு என் சமையலறையில் யாரும் இல்லை. கௌரி இப்போது பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருகிறாள்.

ஆடி மாதத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் பிளாஸ்டிக் உறை போடுவது என்று முடிவானது. நானும் அருள்சாமியும் உட்கார்ந்து பழைய பிரவுன் உறைகளைக் கழற்றினோம். இந்த இரண்டு வருட ஓதமும் தன் வேலையைக் காட்டியிருந்தது. உள்பக்கத்தில் லேசாகப் படம். மறுநாள் மழை விட்ட நேரம் பார்த்து அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன்.

"கண்ணு, இந்தா. இதுலயும் படம் இருக்குது. இந்தத் தடவை தெரிஞ்சேதான் தாரேன்."

அவள் கை நீட்டவில்லை. மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினாள்.

"எத்தனைங்க?"

"அறுபத்திரண்டு."

"ரைட்டரய்யாவையும் கூட்டியாங்க டீச்சரம்மா. ரெண்டு பேரும் நின்னு எண்ணிக் குடுங்க. நானும் எண்ணி வாங்கிக்கறேன். குடுத்தோம்னு ஒரு சீட்டும் எழுதுங்க."

"எதுக்கு கண்ணு அதெல்லாம்? எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குதுங்க" என்றாள். "உங்க பீரோவுக்கு எதுக்குங்க ரெண்டு பூட்டு?"

தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. கட்டைச் சேலைத் தலைப்பால் மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அருள்சாமி வீட்டுப் படிகளில் ஏற ஆரம்பித்தேன்.